பேசுகிற ஃபயர் அலாரம் வேண்டுமா? பெரிய பேனல் வாங்காதீர்கள்

ஃபயர் அலாரம் சேகரிப்பதெல்லாம் ஒரு பொழுதுபோக்கா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்கென்றே நல்ல கூட்டம் இருக்கிறது. பள்ளிக்கூடம், ஆபீஸ், ஹோட்டல் என்று பழைய கட்டடங்களில் அலாரம் சிஸ்டத்தை மாற்றும்போது கழற்றிப்போடுகிற சிவப்புப் பெட்டிகளும் ஹார்ன்களும் பளிச்பளிச்சென்று மின்னுகிற ஸ்ட்ரோப் விளக்குகளும் ஈபேயில் விலைக்கு வந்துவிடும். அவற்றை வாங்கி ஒரு பிளைவுட் பலகையில் மாட்டி, நிஜக் கட்டடத்தில் எப்படி ஓடுமோ அப்படியே ஓடவைத்துப் பார்ப்பதுதான் விஷயம். நான் இங்கே அமெரிக்காவில் பேஸ்மென்ட் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். ஒரு பேனல், அதாவது எல்லாவற்றையும் இயக்குகிற கட்டுப்பாட்டுப் பெட்டி, தன்னோடு இணைந்த ஒவ்வொரு வயரையும் இரவு பகலாகக் கண்காணிக்கிறது, எங்கே ஒரு முனை கழன்றாலும் உடனே கீச்சென்று கத்திச் சொல்கிறது என்பதை முதல்முறை பார்க்கும்போது வருகிற மகிழ்ச்சி எனக்கு இன்னும் தீரவில்லை.

இதில் கொஞ்ச நாள் ஊறியவர்கள் எல்லோரும் அடுத்து ஆசைப்படுவது குரலுக்கு. ஹார்ன் அலறினால் மட்டும் போதாது, ஸ்பீக்கரில் ஒரு ஆள் நிதானமாக "கட்டடத்தை விட்டு வெளியேறுங்கள்" என்று பேச வேண்டும், மைக்கைக் கையில் எடுத்து நாமும் பேச வேண்டும். அதற்கு எந்த பேனல் வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

என் பதில் இதுதான். குரல் வசதியை உள்ளேயே வைத்திருக்கும் பெரிய பேனலைத் தேடாதீர்கள். ஒரு சின்ன சாதாரண பேனல் வாங்குங்கள், அதற்குப் பக்கத்தில் குரலுக்கென்று தனியாக ஒரு பெட்டி மாட்டுங்கள். இரண்டையும் ஒரு ஜோடி வயர் இணைத்துவிடும்.

பெரிய பேனல் ஏன் வேண்டாம் என்கிறேன்? ஈபேயில் சிம்ப்ளெக்ஸ் 4100யூ, எட்வர்ட்ஸ் இஎஸ்டி3 போன்றவை குரல் ஆம்ப்ளிஃபையரோடு, மைக்கோடு, வரிசை வரிசையான பட்டன்களோடு வரும். படத்தைப் பார்த்தாலே கை பரபரக்கும். ஆனால் இவற்றை ப்ரோக்ராம் செய்கிற சாஃப்ட்வேர் கம்பெனியின் சொந்த ஆட்களுக்கும் அங்கீகாரம் பெற்ற டீலர்களுக்கும்தான். லைசென்ஸ் இல்லாமல் அதைத் தொட முடியாது. நீங்கள் வாங்குகிற பேனலின் உள்ளே ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் எட்டு மாடிக்கான ப்ரோக்ராம் அப்படியே இருக்கும், அது தன் பழைய டிடெக்டர்களையெல்லாம் காணோம் காணோம் என்று திரை நிறைய டிரபிள் காட்டிக்கொண்டே இருக்கும், உங்களால் அந்தப் பட்டியலை அழிக்கவும் முடியாது, உங்கள் ஒரே ஒரு டிடெக்டரைச் சேர்க்கவும் முடியாது. நோட்டிஃபையரின் என்எஃப்எஸ்-320, என்எஃப்எஸ்2-640 இரண்டும் இந்த விஷயத்தில் பரவாயில்லை, முன்பக்க கீபேடிலேயே பெரும்பாலான வேலையை முடித்துவிடலாம். ஆனால் அவற்றோடு சேரும் டிஜிட்டல் குரல் யூனிட்டுக்கு மறுபடியும் அந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேரிடம்தான் போய் நிற்க வேண்டும். ஆக, ஒரு பேனலைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை வாட், எத்தனை சானல் என்பதல்ல. இதை நானே, யார் தயவும் இல்லாமல், ப்ரோக்ராம் செய்ய முடியுமா? இதற்கு ஆமாம் என்ற பதில் வராத பேனல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தாண்டிப்போய்விடுங்கள்.

அந்தக் கேள்விக்குத் தெளிவாக ஆமாம் சொல்கிறவை ஃபயர்-லைட் பேனல்கள். நோட்டிஃபையர், சைலன்ட் நைட், சிஸ்டம் சென்சார் எல்லாம் இருக்கிற அதே ஹனிவெல் குடும்பம்தான். ஆனால் ஃபயர்-லைட்டை எந்த டீலரும் விற்கலாம், எந்த எலக்ட்ரீஷியனும் மாட்டலாம் என்ற எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். மேனுவல் இணையத்தில் கிடைக்கிறது, எஃப்எஸ்-டூல்ஸ் என்ற சாஃப்ட்வேரை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அது இல்லாமலும் பேனலின் கீபேடிலேயே எல்லாவற்றையும் செய்துவிடலாம். எம்எஸ்-5யூடி என்றால் ஐந்து ஸோன் கொண்ட கன்வென்ஷனல் பேனல், அதாவது எந்தப் பகுதியில் (ஸோனில்) அலாரம் என்று மட்டும் சொல்வது. எம்எஸ்-10யூடி பத்து ஸோன். ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி இருக்கிற அட்ரஸபிள் வேண்டுமென்றால் எம்எஸ்-9050யூடி 50 கருவிகள் வரை எடுக்கும், எம்எஸ்-9200யூடிஎல்எஸ் 198 வரை. வீட்டுப் பலகைக்கு 9050 தாராளம். நான் முதலில் பார்க்கச் சொல்வதும் அதைத்தான்.

அட்ரஸபிள் என்பது எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை கையால் செய்து பார்த்துவிட்டால் அப்புறம் கன்வென்ஷனல் பக்கம் மனசு போகாது. ஃபயர்-லைட்டின் எஸ்டி355 புகை டிடெக்டரைத் திருப்பினால் பின்பக்கம் இரண்டு சின்ன வட்டத் திருகுகள் இருக்கும், பத்தாம் இடத்துக்கு ஒன்று, ஒன்றாம் இடத்துக்கு ஒன்று. சின்ன ஸ்க்ரூடிரைவரால் 0-வுக்கும் 7-க்கும் திருப்பினால் அந்த டிடெக்டரின் முகவரி 07. பேஸில் மாட்டி, பேனலில் ஆட்டோப்ரோக்ராம் கொடுத்தால், லூப்பில், அதாவது கருவிகளை இணைக்கிற வயரில், யார் யார் இருக்கிறார்கள் என்று பேனல் தானே ஒவ்வொரு முகவரியாகக் கூப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடும். 07-க்கு எதிரே "சமையலறை" என்று ஆங்கில எழுத்தில் பெயர் கொடுத்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: சிஸ்டம் சென்சார் தொழிற்சாலையிலிருந்து வருகிற ஃபயர்-லைட் டிடெக்டரும் நோட்டிஃபையர் டிடெக்டரும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். உருவத்தை நம்பி வாங்காமல், மாடல் எண்ணை உங்கள் பேனலின் ஒத்துப்போகும் பட்டியலோடு வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

சரி, குரல் பெட்டிக்கு வருவோம்.

ஃபயர்-லைட்டின் சொந்தக் குரல் பெட்டி ஈசிசி-50/100. 50 வாட் ஆம்ப்ளிஃபையர், வேண்டுமானால் இன்னொரு போர்டு சேர்த்து 100 வாட். கதவைத் திறந்தால் உள்ளே மைக் தொங்கும், பக்கத்தில் செய்திகளுக்கான பட்டன்கள். 14 செய்திகள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் வரை வைத்துக்கொள்ளலாம். அவற்றை உள்ளே இருக்கிற மைக்கிலேயே பதிவு செய்யலாம், வெளியிலிருந்து ஆடியோ கொடுத்தும் பதியலாம், கம்ப்யூட்டரிலிருந்து யூஎஸ்பி வழியாகவும் ஏற்றலாம். எனக்கு இதில் பிடித்ததே இந்தக் கடைசி விஷயம்தான், கீழே சொல்கிறேன். இந்தப் பெட்டி தனியாகவும் நிற்கும். பேனலே இல்லாமல் மைக்கையும் பட்டனையும் வைத்துக்கொண்டே ஓட்டலாம். பேனல் வந்த பிறகு, ஹார்னுக்கும் ஸ்ட்ரோப்புக்கும் பேனலிலிருந்து போகிற சர்க்யூட்டுக்கு என்ஏசி என்று பெயர், அந்த என்ஏசி வயரை ஹார்னுக்குக் கொடுக்காமல் ஈசிசியின் கமாண்ட் இன்புட்டில் கொடுங்கள். சாதாரண நேரத்தில் என்ஏசி வயரில் கண்காணிப்புக்காக ஒரு சின்ன மின்னோட்டம் ஒரு திசையில் போய்க்கொண்டிருக்கும், அலாரம் வந்ததும் பேனல் பிளஸ் மைனஸைத் திருப்பிப்போட்டு முழு 24 வோல்ட்டையும் கொடுக்கும். அந்தத் திருப்பத்தைப் பார்த்ததும் ஈசிசி பேச ஆரம்பித்துவிடும். எந்தக் கம்பெனி பேனலாக இருந்தாலும் இந்த வித்தை நடக்கும் என்பதுதான் இரண்டு பெட்டி ஏற்பாட்டின் பெரிய லாபம். நாளைக்கே பேனலை மாற்றினாலும் குரல் பெட்டி அப்படியே இருக்கும்.

ஈசிசி கிடைக்கவில்லையென்றால் வீலாக் சேஃப்பாத் பாருங்கள். எஸ்பி40எஸ் 40 வாட் பெட்டி, பழையது, இன்னும் விற்பனைக்கு வந்துகொண்டிருக்கிறது. சாதாரண நாட்களில் அறிவிப்புக்கும் பின்னணி இசைக்கும்கூடப் பயன்படுகிற மாதிரி செய்தது. எவாக்ஸ் பெட்டிகளும் இதே வேலைக்கானவைதான்.

ஒரே பெட்டியில் எல்லாம் வேண்டும், இரண்டு பெட்டிக்குச் சுவரில் இடமில்லை என்கிறவர்களுக்கு மட்டும் சைலன்ட் நைட் 5820எக்ஸ்எல்-ஈவிஎஸ். இதுவும் ஹனிவெல்தான், இதிலும் ஜம்ப்ஸ்டார்ட் என்ற பெயரில் தானாக ப்ரோக்ராம் செய்துகொள்கிற வசதி உண்டு. ஆனால் பாகங்களாகப் பிரித்து விற்கிறவர்கள் அதிகம். பெட்டி ஒருவரிடம், ஆம்ப்ளிஃபையர் இன்னொருவரிடம், மைக் யாரிடமும் இல்லை என்று அலைய வேண்டியிருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில் வந்தால் எடுங்கள்.

பழைய சாமான் வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டியது சில விஷயங்கள்தான். உள்ளே இருக்கிற போர்டுகளின் படத்தைத் தனித்தனியாக அனுப்பச் சொல்லுங்கள், பேட்டரி கசிந்து கீழே பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்று கேளுங்கள், பாஸ்வேர்டு மாற்றப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பேட்டரியை அவர் கொடுத்தாலும் வேண்டாம், புதிதாக 12 வோல்ட் லெட்-ஆசிட் இரண்டு வாங்கி வரிசையில் இணைத்துக்கொள்ளுங்கள், நம் பலகைக்கு 7 ஆம்பியர்-மணி போதும். நிஜக் கட்டடத்துக்கு அமெரிக்க ஃபயர் அலாரம் விதிநூலான என்எஃப்பிஏ 72 கேட்பது வேறு: கரண்ட் இல்லாமல் 24 மணி நேரம் தாக்குப்பிடித்து, அதற்குப் பிறகும் 15 நிமிடம் பேச வேண்டும். வெறும் ஹார்ன் என்றால் 5 நிமிடம்.

இப்போது ஸ்பீக்கர். இங்கேதான் நிறையப் பேர் வீட்டில் கிடக்கிற ஏதோ ஒரு பிஏ (பொது அறிவிப்பு) ஸ்பீக்கரை மாட்டிவிட்டுப் பேனல் ஷார்ட் என்று சொல்கிறதே என்று குழம்புகிறார்கள். ஃபயர் அலாரம் ஸ்பீக்கர் 25 வோல்ட் அல்லது 70 வோல்ட் லைனில் ஓடுவது. ஊரில் கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற அஹுஜா ஹார்னில் 100 வோல்ட் லைன் போடுவார்களே, அதே தத்துவம். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், எத்தனை வாட் எடுக்க வேண்டும் என்பதை அந்த டிரான்ஸ்ஃபார்மரின் டேப்பில் (வாட்டுக்கு ஒன்றாக இருக்கிற இணைப்பு முனையில்) தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வித்தியாசம் எங்கே வருகிறதென்றால், குரல் பெட்டி சும்மா இருக்கும் நேரத்திலும் வயரில் ஒரு சின்ன டிசி அனுப்பி, கடைசி முனையில் இருக்கிற ரெசிஸ்டர் வரைக்கும் வயர் முழுசாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். சாதாரண பிஏ ஸ்பீக்கரின் டிரான்ஸ்ஃபார்மர் சுருளுக்கு டிசியில் தடையே கிடையாது என்று சொல்லலாம், அதனால் பேனல் கண்ணுக்கு அது ஷார்ட்டாகத்தான் தெரியும். ஃபயர் அலாரம் ஸ்பீக்கரின் உள்ளே வரிசையில் ஒரு கெபாசிட்டர் இருக்கும். அது டிசியைத் தடுத்துவிட்டு ஆடியோவை மட்டும் உள்ளே விடும். அந்த ஒரே ஒரு கெபாசிட்டருக்காகத்தான் அசல் ஃபயர் ஸ்பீக்கரே வாங்க வேண்டும் என்கிறேன்.

சிஸ்டம் சென்சாரின் ஸ்பெக்ட்ராலர்ட் அட்வான்ஸ் ஸ்பீக்கர்-ஸ்ட்ரோப் நல்ல தேர்வு. வோல்ட்டும் வாட்டும் ஒரு திருகு சுவிட்சிலேயே மாற்றிக்கொள்ளலாம்: கால், அரை, ஒன்று, இரண்டு வாட். வீலாக்கின் ஈ70 வரிசையும் நன்றாக இருக்கும், அதை 70 வோல்ட்டிலும் ஓட்டலாம் என்றாலும் நீங்கள் 25-லேயே இருங்கள். ஈசிசியும் அடிப்படையில் 25-தான் கொடுக்கிறது, 70-க்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் மாட்யூல் போட வேண்டும். ஸ்பீக்கர்-ஸ்ட்ரோப்பில் இரண்டு ஜோடி டெர்மினல் இருக்கும், ஒன்று ஆடியோவுக்கு, இன்னொன்று ஸ்ட்ரோப்புக்கான 24 வோல்ட்டுக்கு. ஸ்ட்ரோப் ஜோடியைப் பேனலின் இன்னொரு என்ஏசிக்குக் கொண்டுபோங்கள்.

வாட் கணக்கு ரொம்பச் சுலபம். எல்லா ஸ்பீக்கரின் டேப்பையும் கூட்டினால் ஆம்ப்ளிஃபையரின் வாட்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். பத்து ஸ்பீக்கரைக் கால் வாட்டில் வைத்தால் மொத்தம் இரண்டரை வாட். அதனால் 100 வாட் பெட்டிக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். வீட்டில் எப்போதும் கால் வாட்டில்தான் வையுங்கள். வாட் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபெல் கூடும். கால் வாட்டிலிருந்து இரண்டு வாட்டுக்கு மூன்று இரட்டிப்பு, 9 டெசிபெல். சின்ன அறையில் அது காதுக்கு நல்லதல்ல, பக்கத்து வீட்டோடு உறவுக்கும் நல்லதல்ல.

கடைசி முனை ரெசிஸ்டர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஃபயர்-லைட் எம்எஸ் வரிசையின் என்ஏசிக்கு 4.7 கே (கிலோஓம்), சிம்ப்ளெக்ஸில் 10 கே. ஸ்பீக்கர் சர்க்யூட்டுக்கு எவ்வளவு என்று அந்தந்த மேனுவலில் பார்த்துப் போடுங்கள். நடுவில் கிளை பிரித்து வயர் இழுக்காதீர்கள், ஒன்றிலிருந்து அடுத்தது, அடுத்ததிலிருந்து அதற்கடுத்தது, கடைசியில் ரெசிஸ்டர். கிளை பிரித்தால் அந்தக் கிளை அறுந்தாலும் பேனலுக்குத் தெரியாது, கண்காணிப்பு என்ற அர்த்தமே போய்விடும்.

இவ்வளவு மெனக்கெட்டுக் குரல் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் பிடித்த பகுதியே இந்தக் கேள்விக்கான பதில்தான். 1970 ஆகஸ்டில் நியூயார்க்கில் ஒன் நியூயார்க் பிளாசா என்ற புத்தம்புது வானளாவிக் கட்டடத்தில் தீப்பிடித்து இரண்டு பேர் இறந்தார்கள். அந்த மாதிரித் தீ விபத்துகளுக்குப் பிறகு 1973-இல் அந்த நகரம் லோக்கல் லா 5 என்ற சட்டத்தைக் கொண்டுவந்து, உயரமான ஆபீஸ் கட்டடங்களில் ஆட்களோடு பேசுகிற வசதி இருக்க வேண்டும் என்றது. ஐம்பது மாடிக் கட்டடத்தில் எல்லோரையும் ஒரே நேரத்தில் படிக்கட்டில் இறக்க முடியாது. தீ இருக்கும் மாடியும் அதை ஒட்டிய மாடிகளும் முதலில் நகர வேண்டும், மற்றவர்கள் இருக்கிற இடத்திலேயே காத்திருக்க வேண்டும். ஒரு ஹார்னால் இதைச் சொல்ல முடியாது.

இன்னொன்று, 1991-இல் வெளிவந்த ஒரு ஆய்வு. கிலேன் ப்ரூ, ஜொனதன் சைம் இருவரும் இங்கிலாந்தின் நியூகாசில் மெட்ரோவில் மானுமென்ட் ஸ்டேஷனில் நிஜப் பயணிகளை வைத்தே வெளியேற்றிப் பார்த்தார்கள். மணி மட்டும் அடித்தபோது பயணிகள் பெரிதாக அசையவில்லை. என்ன நடக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னபோது மளமளவென்று வெளியேறினார்கள். உண்மையைச் சொன்னால் ஜனங்கள் பீதியடைவார்கள் என்பதுதான் அதுவரை பலரின் எண்ணம், நடந்தது அதற்கு நேர்மாறு. அமெரிக்காவின் ஐபிசி கட்டட விதிகள் 2012 பதிப்பிலிருந்து பள்ளிகளுக்கும் குரல் முறையைக் கேட்கின்றன.

செய்தி பதிவு செய்வதைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. ஈசிசியில் நம் குரலிலேயே, தமிழிலேயே பதிந்துகொள்ளலாம். முதலில் டெம்போரல்-3 என்ற அலாரம் ஒலி: அரை விநாடி ஒலி மூன்று முறை, அவற்றுக்கு நடுவில் அரை விநாடி மௌனம், மூன்றாவதற்குப் பிறகு ஒன்றரை விநாடி இடைவெளி. இந்தச் சுற்று குறைந்தது இரண்டு முறை செய்திக்கு முன்னும், இரண்டு முறை பின்னும் வர வேண்டும் என்பது என்எஃப்பிஏ முறை. செய்தியைச் செய்தி வாசிப்பாளர் வேகத்தில் படித்தீர்கள் என்றால் பேஸ்மென்ட் கான்கிரீட் சுவரில் எதிரொலித்து ஒரு வார்த்தை இன்னொன்றின் மேல் ஏறிவிடும். குட்டி வாக்கியங்கள், நடுவில் ஒரு மூச்சு இடைவெளி. "கவனியுங்கள். தீ எச்சரிக்கை. படிக்கட்டு வழியாக வெளியேறுங்கள். லிஃப்ட் வேண்டாம்." இவ்வளவு போதும். தெளிவு போதவில்லையென்றால் சத்தத்தைக் கூட்டாதீர்கள், இன்னொரு ஸ்பீக்கரைச் சேர்த்து எல்லாவற்றையும் குறைந்த டேப்பில் வையுங்கள், கேட்பவர் பக்கத்தில் ஸ்பீக்கர் இருந்தால் எதிரொலியை விட நேர்க்குரல்தான் முதலில் காதில் விழும். நிஜ சிஸ்டங்களில் இந்தப் பேச்சுத் தெளிவை எஸ்டிஐ என்ற, 0 முதல் 1 வரை போகிற அளவால் அளக்கிறார்கள். என்எஃப்பிஏ 72-இன் பின்னிணைப்பு சராசரியாக 0.50 இருக்க வேண்டும் என்கிறது.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கண்டிப்பு. பலகையில் இருக்கிற பேனல் வீட்டைக் காப்பாற்றாது, வீட்டுக்கான ஸ்மோக் அலாரம் ஒவ்வொரு படுக்கையறையிலும் தனியாக இருக்க வேண்டும். கண்காணிப்பு நிலையத்துக்குத் தானாக ஃபோன் செய்கிற பேனலின் டயலரை டெலிஃபோன் லைனில் இணைக்கவே கூடாது. கரண்ட் போய் பத்து நிமிடம் ஆன பிறகும் ஸ்ட்ரோப்பைப் பிரிக்காதீர்கள், ஸெனான் குழாய்க்கான கெபாசிட்டர் நூற்றுக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். அயனைசேஷன் டிடெக்டரை எப்போதுமே திறக்காதீர்கள், உள்ளே அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. வலிப்பு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் ஸ்ட்ரோப்பை விட்டுவிட்டு வெறும் ஸ்பீக்கரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்து கேட்கிறவர்களுக்கு: அமெரிக்காவில் விற்கிற பேனல்கள் 120 வோல்ட், அப்படியே கொண்டுபோய் சுவரில் சொருகினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். மாடல் எண்ணின் முடிவில் 'ஈ' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், எம்எஸ்-9200யூடிஎல்எஸ்ஈ, ஈசிசி-50/100ஈ என்பது போல. அவை 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கானவை.